மூன்றாம் நாளுக்குப் பிறகு

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில், வில்லியனூரில், செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

  

மாதாமாதம் இந்தக் கூட்டத்தில் நாங்கள் கணக்குச் சொல்வோம். எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம், எத்தனை பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தோம், மருத்துவ உதவி எவ்வளவு என்று வாசிப்போம். இம்மாதக் கணக்கைப் பொருளாளர் அச்சடித்துத் தந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நாங்கள் பேச வந்தது எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு விஷயம். எதிர்பாராத நேரத்தில் வாழ்க்கை புரண்டு போன ஒருவருக்கு ஆறுதல் எப்படிக் கிடைக்கிறது, அதில் நம் பங்கு என்ன என்பதுதான் அது. இதில் எங்களிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஃபெஞ்சல் புயல் வந்து ஓராண்டு கடந்துவிட்டது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு அது நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் நமக்குப் பெய்கிற மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் காற்றால் அழித்தது. ஃபெஞ்சல் தண்ணீரால் அழித்தது.

மழை விட்டதும், இனிப் பயமில்லை என்று பாகூர்ப் பக்கத்து மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. சோரியாங்குப்பம், இருளஞ்சந்தை என ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் அது. அடி விழுந்து முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில்தான் சில சமயம் பெரிய அடி விழுகிறது.

அந்த நாட்களில் நம் இளைஞர்கள் தூங்கவில்லை. பள்ளிவாசல் மண்டபத்தில் அடுப்பு அணையவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம், பால் பவுடர், பாய், போர்வை, அரிசி மூட்டை என்று சாதி சமயம் பாராமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். அரசும் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், பாழான பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தது. நாங்கள் கொடுத்ததைப் படம் பிடித்து இந்த மடலில் வெளியிட்டோம். எல்லோரும் பாராட்டினீர்கள். அல்ஹம்துலில்லாஹ், கடமையை முடித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அந்தப் படங்களில் ஒன்றில் அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு நின்ற ஒரு சகோதரரைப் பற்றி இப்போது சொல்லப் போகிறோம். அவரும் அவர் வீட்டாரும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் பிற சமயத்தவர், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தவர். இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். சங்கத்துக்குப் பால் ஊற்றி வரும் காசில்தான் வீட்டுச் செலவும், மனைவி பெயரில் வாங்கிய குழுக் கடனின் வாரத் தவணையும் நடந்தன. வெள்ளம் வந்த அன்று கயிற்றை அறுத்துவிட நேரமில்லை. இரண்டு மாடும் போய்விட்டன.

நாங்கள் கொடுத்த அரிசி பத்து நாள் வந்திருக்கும். தை பிறந்தது, மாசி வந்தது. அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். காலி மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வாராம். விடிகாலை நாலு மணிக்குப் பால் கறக்கிற நேரத்தில் எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பாராம். மார்ச் மாதத்தில் ஒருநாள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் பிழைத்தார்.

அது ரமளான் மாதம். நாங்கள் பித்ரா அரிசிக் கணக்கிலும் சஹர் சாப்பாட்டு ஏற்பாட்டிலும் மூழ்கியிருந்தோம். செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். நடைபாதையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எங்களைப் பார்த்து அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "பாய், மழை பெஞ்சப்ப நூறு பேரு வந்தீங்க. வெயிலடிச்சப்ப ஒருத்தருகூட வரலியே."

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அவர் சொன்னது உண்மை. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊர்ப் பக்கம் நம்மில் யாரும் போகவில்லை. பணம் இல்லாமல் இல்லை, வண்டி இல்லாமல் இல்லை. முடிந்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

அன்பானவர்களே, அன்று இரவு தராவீஹ் முடிந்து வீடு திரும்பியும் உறக்கம் வரவில்லை. மதரஸாவில் ஓதிய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. ஓதிய காலத்தில் அதைப் போர் வரலாறாகத்தான் படித்தோம். அன்றுதான் அதன் மறுபக்கம் புரிந்தது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 629இல், மூத்தா என்ற இடத்தில் நடந்த போரில் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையார் மகன் ஜஅஃபர் (ரலி) உயிர் துறந்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல நபியவர்கள் வேறு யாரையும் அனுப்பவில்லை. தாமே அந்த வீட்டுக்குப் போனார்கள். ஜஅஃபரின் மனைவி அஸ்மா (ரலி) அன்று காலை மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து விட்டிருந்தார்கள். வழக்கமான ஒரு காலை. நபியவர்கள் பிள்ளைகளை அழைத்து அணைத்துக்கொண்டார்கள். கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்தே அஸ்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நபியவர்கள் தம் வீட்டாரிடம், அந்தக் குடும்பத்துக்குச் சமைத்து அனுப்பும்படி சொன்னார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அக்கம்பக்கத்தார் சோறு ஆக்கிக் கொண்டுபோகும் நம் வழக்கம் அந்த வழியில் வந்ததுதான்.

இதுவரை நம் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் விட்டுவிட்டோம். மூன்று நாள் கழித்து நபியவர்கள் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். துக்கத்தில் தாயால் கவனிக்க முடியாமல் அவர்களின் தலை கலைந்து கிடந்தது. நாவிதரை வரவழைத்து முடியை மழித்துவிடச் செய்தார்கள். பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் போனார்களே என்று தாய் கலங்கியபோது, அவர்களுக்குப் பொறுப்பாளர் தாமே என்று உறுதி கூறினார்கள்.

கவனியுங்கள். முதல் நாள் கண்ணீர், சோறு. மூன்றாம் நாள் நாவிதர். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பொறுப்பு. நாம் முதல் நாளோடு நிற்கிறோம்.

மூன்று நாளுக்கு மேல் துக்கம் அனுசரிக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். உற்றார் உறவினர் தொழிலை விட்டு, அலங்காரத்தை விட்டு அமர்ந்திருப்பதற்கு எல்லை மூன்று நாள். அதே மார்க்கம் கணவனை இழந்த மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் என்று காலம் வகுத்திருக்கிறது. அவளுடைய இழப்பு மற்றவர்களின் இழப்பைப் போன்றதில்லை என்பதை இறைவன் அறிவான். மூன்று நாள் எல்லை நம்முடைய சடங்குக்கு. அவர்களுடைய மனதுக்கு நாம் கெடு வைக்க முடியாது.

அழுவதும் ஈமானுக்குக் குறைவில்லை. நபியவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிக் குழந்தையாக இறந்தபோது அவர்கள் அழுதார்கள். தாங்களுமா என்று ஒரு தோழர் வியந்தபோது, இது இரக்கத்தின் அடையாளம் என்று விளக்கினார்கள். கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாறு குறிக்கிறது. கதீஜா மறைந்து பல்லாண்டுகள் ஆன பிறகும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழிகளுக்கு ஒரு பங்கு அனுப்புவார்கள். யஃகூப் நபி மகனைப் பிரிந்து கண் பார்வை போகுமளவு அழுதார்கள். குர்ஆன் அவர்களை அழகிய பொறுமைக்கு உதாரணமாகவே காட்டுகிறது. அழுகையும் சபரும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் தாய்மொழியில் ஆறுதல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாலைப் பார்த்து ஏன் இன்னும் ஆறவில்லை என்று யாரும் கோபிப்பதில்லை. புண்ணைப் பார்த்து, போன வாரமே ஆறியிருக்க வேண்டுமே என்று கடிந்துகொள்வதில்லை. மனிதரிடம் மட்டும் அப்படிக் கேட்கிறோம். "இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டிருக்கே?" என்கிறோம்.

நம் வாயிலிருந்து வரும் சில வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எல்லாம் நன்மைக்குத்தான்." "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்களப் பாரு." "சபர் செய், அழாதே." இவையெல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது இவை மருந்து. அடுத்தவர் காயத்தின் மேல் வைத்து அழுத்தும்போது எரிகிறது. கபுருக்கு அருகில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நபியவர்கள் பொறுமையைச் சொன்னபோது, யாரென்று அறியாமல் அவள் வெடுக்கென்று பேசிவிட்டாள். அவர்கள் கோபிக்கவில்லை, அவளைக் கண்டிக்கவும் இல்லை. அமைதியாக விலகிப் போனார்கள். துக்கத்தில் இருப்பவரின் கோபத்தை நம்மேல் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு ஆறுதல்தான்.

இன்னும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறோம். இது நம் வில்லியனூர்ப் பக்கம். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சகோதரர் நாற்பத்தோரு வயதில் மாரடைப்பில் மௌத்தானார். மூன்று பிள்ளைகள். ஜனாஸாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம். மூன்று நாளும் வீட்டில் உட்கார இடமில்லை. ஏழு, நாற்பது என்று கூடுவது பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. கூடியவர்களும் சரி, கூடாதவர்களும் சரி, அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

அந்தச் சகோதரி பிறகு நம் பெண்கள் குழுவினரிடம் சொன்னார்: "ராத்திரிகூடப் போயிடும். இந்த மத்தியானம்தான் போகாது. புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடும். சாப்பாட்டுக்கு வண்டி வந்து நிக்கிற நேரம். தெருவுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலப் பாப்பேன்."

அவரைத் தேற்றியது யார் தெரியுமா? நம் அறக்கட்டளை இல்லை. அதே தெருவில் இருக்கும் ஒரு மூதாட்டி. பல ஆண்டுகளுக்கு முன் கணவனை இழந்தவர். தினமும் லுஹர் தொழுதுவிட்டு ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார். "தனியா உக்காந்து ஆய முடியல தாயி, நீயும் கொஞ்சம் ஆய்" என்பார். இரண்டு பேரும் கீரை ஆய்வார்கள். பேசினால் பேசுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. அஸர் பாங்கு சொன்னதும் கீரையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இத்தா முடியும் வரை இது நடந்தது. அந்த மூதாட்டிக்குக் கீரை ஆய யாருடைய உதவியும் தேவையில்லை என்பது இந்தச் சகோதரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தன்னை இரக்கத்துக்குரியவளாக நடத்தாமல், வேலைக்கு ஆளாகக் கூப்பிட்டார்களே, அதுதான் தன்னைத் தூக்கி நிறுத்தியது என்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் பேரிடர்க்கால மன முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணைத்துவிடு. யார் தவிக்கிறார்கள் என்று பார். வற்புறுத்தாமல் அவர் சொல்வதைக் கேள். அவருக்குத் தேவையான உதவியோடு இணைத்துவிடு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடலோரங்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதற்காகவே. துக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெரிய டாக்டர் தேவைப்படுவதில்லை. காது கொடுத்துக் கேட்கும் மனிதர் எல்லோருக்கும் தேவை. கீரைக்கட்டோடு வந்த அந்த மூதாட்டி எந்தக் கையேட்டையும் படித்தவரில்லை.

ஆனால் சிலருக்கு டாக்டர் தேவைப்படும். அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். மாதங்கள் கடந்தும் தூக்கம் இல்லை, பசி இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, யாரிடமும் பேசவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், அது ஈமான் பலவீனம் என்று சொல்லி ஒதுக்காதீர்கள். தாயத்தோடும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். துஆவும் செய்யுங்கள், டாக்டரிடமும் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை நாம் தவக்குல் இல்லாதவர் என்று சொல்கிறோமா?

இது மேல்நாட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த புதுப் பேச்சும் இல்லை. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரப் பக்கத்தில் பிறந்து கி.பி. 934இல் மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலன், உள்ளத்தின் நலன் இரண்டையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும், இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும் என்பது அவர் வாதம். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் உடம்பிலிருந்து எழும் துக்கம் இன்னொன்று என்று பிரித்தார். இரண்டாவதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றார். வீட்டில் மருந்துகளை முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல், மனம் நன்றாக இருக்கும் காலத்திலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வையுங்கள், துன்பம் வரும்போது உதவும் என்பது அவருடைய அறிவுரை. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் அறிஞர் ஒருவர் எழுதி வைத்ததை நாம்தான் படிக்காமல் விட்டோம்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் 12.4. நம் புதுச்சேரியில் அது 29க்கும் மேல். நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் நாமும் ஒன்று. இது எந்த ஒரு சமயத்தாரின் பிரச்சினையும் இல்லை. திருக்காமீஸ்வரர் தேரும், லூர்து மாதா கொடியும், நம் பாங்கோசையும் ஒன்றாக இருக்கும் இந்த ஊரில், துக்கம் எந்த வாசலைத் தட்டினாலும் பக்கத்து வாசலில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

எனவே இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இலவசத் தொலைபேசிச் சேவை. இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைப் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் சிலர் மருத்துவமனைக்கே கொண்டுபோவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. பயப்படாமல் கொண்டுசெல்லுங்கள்.

இத்தாவில் இருக்கும் சகோதரிகளின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இத்தாவைக் காரணம் காட்டி அவர்களின் மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவசியத் தேவைக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது; ஐயம் இருந்தால் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். காகித வேலைகளையும் வீட்டு ஆண்கள் தள்ளிப்போடக் கூடாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, கணவனை இழந்தோருக்கான அரசு உதவித்தொகை என்று ஒவ்வொன்றாக இருக்கிறது. துக்கத்தின் மேல் கடனும் அலைச்சலும் ஏறும்போதுதான் மனம் உடைகிறது. ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பதும் ஆறுதல் சொல்வதுதான்.

இனி நாங்கள் எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம். நிர்வாகக் குழு கூடிப் பேசி இவற்றை ஏற்றிருக்கிறது.

முதலாவது, ஒரு வருகை நோட்டு. மௌத்தான வீடு, தொழில் முறிந்த வீடு, வெள்ளத்திலோ நெருப்பிலோ இழந்த வீடு, மணமுறிவு நடந்த வீடு, எல்லாம் அதில் எழுதப்படும். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள், இத்தா முடியும் 130ஆம் நாள், ஓராண்டு நிறைவு என்று நான்கு தேதிகள் எதிரே குறிக்கப்படும். அந்தத் தேதியில் நம்மில் இருவர் அங்கே போயிருக்க வேண்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள்.

இரண்டாவது, இந்த வருகைகளில் கேமரா கிடையாது. உதவி வாங்குபவர் முகத்தை இந்த மடலில் இனி அச்சிட மாட்டோம். முன்பு அச்சிட்டதற்காக வருந்துகிறோம்.

மூன்றாவது, மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்கு வண்டிச் செலவும், கூடப் போக ஒரு ஆளும் தருவோம். இதற்குச் சதக்கா நிதியிலிருந்து தனியாக ஒதுக்கியிருக்கிறோம். சமய வேறுபாடு கிடையாது. யார் போனார் என்பது செயலாளருக்கும் கூடப் போனவருக்கும் மட்டுமே தெரியும்.

இதற்கு நாங்கள் உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம் கேட்கிறோம். தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். பேச்சுத் திறமை வேண்டாம். வாயை அடக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

மாட்டை இழந்த அந்தச் சகோதரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருந்து சாப்பிடுகிறார், குறித்த நாளில் டாக்டரைப் பார்க்கிறார். நம் இளைஞர் ஒருவர் ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவரோடு டீ குடித்துவிட்டு வருகிறார். முதல் இரண்டு மாதம் அவர் அந்த இரண்டு மாடுகளைப் பற்றி மட்டுமே பேசினாராம். எது முரடு, எது சாது, எது எந்த ஆண்டு கன்று போட்டது என்று எல்லாம் நம் பையனுக்கு மனப்பாடம். மூன்றாம் மாதம்தான் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இப்போது ஒரு கம்பெனியில் இரவுக் காவலுக்குப் போகிறார். மாடு இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா என்று கேட்டதற்கு, கொட்டகையின் தரையை மேடாக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றாராம். இந்த ஆண்டும் ஐப்பசியில் மழை பிடித்தபோது இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். முழுவதும் ஆறிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அவர் மனைவியைப் பார்த்தோம். வாசலில் நின்றிருந்த எங்களை, "உள்ள வாங்க பாய், இன்னைக்குத்தான் நல்ல வெயிலு" என்றார். அவர் எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று எங்களுக்குப் புரிந்தது. அவரும் லேசாகச் சிரித்தார்.

இறைவா! இழந்தவர்களின் இல்லங்களில் அமைதியை இறக்குவாயாக. மறைந்தவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் மண்ணறைகளை விசாலமாக்குவாயாக. நோயுற்ற உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் ஷிஃபா அளிப்பாயாக. கூட்டம் கலைந்த பிறகும் ஒரு வீட்டின் கதவைத் தட்டும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வருகை நோட்டு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பெயர் எழுத விரும்புகிறவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் தெருவில் யாரும் போகாத வீடு ஏதேனும் இருந்தால், அதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.